காது இரைச்சலும் மெல்லக் குறையும் செவித்திறனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காதுக்குள் ஓயாத இரைச்சலோடும், ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாகக் குறைந்துவரும் செவித்திறனோடும் வாழ்கிறவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்காகவும் இந்தக் கேள்வி பதில்களை எழுதியிருக்கிறேன். நான் கோவை வட்டாரத்து நூற்பாலையொன்றில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். இந்த இரண்டு குறைகளும் எனக்கு உண்டு. நான் மருத்துவன் அல்லன். மருத்துவரின் ஆலோசனைக்கு இது மாற்றாகாது. ஆனால் கூட்டம் நிறைந்த புறநோயாளிகள் பிரிவில் நம் முறை வரும்போது கேட்க மறந்துபோகிற கேள்விகள் பல இருக்கின்றன. அவற்றுக்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

வெளியில் ஒரு சத்தமும் இல்லாதபோது காதுக்குள் மட்டும் எப்படிச் சத்தம் கேட்கிறது?

ஒருவருக்குக் 'கொய்' என்று கேட்கும். ஒருவருக்குச் சில்வண்டு கத்துவதாகத் தோன்றும். இன்னொருவருக்கு ஆவி சீறும் ஓசை. எந்த வடிவில் கேட்டாலும் அடிப்படை பெரும்பாலும் ஒன்றே. உட்காதில் சுருண்டிருக்கும் காக்ளியா என்ற உறுப்பினுள், காது ஒன்றுக்கு ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன. ஒலியதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றும் வேலை இவற்றுடையது. பறவைகளுக்கு இச்செல்கள் அழிந்தாலும் மீண்டும் முளைக்கும், மனிதருக்கு முளைப்பதில்லை. முதுமையாலோ வெளியிலிருந்து வரும் பேரிரைச்சலாலோ சில மருந்துகளாலோ இவற்றில் ஒரு பகுதி அழிந்தால், அந்தப் பகுதிக்குரிய சுருதியைப் பற்றிய செய்தி மூளைக்குப் போவது குறைகிறது. குறைந்ததை ஈடுகட்ட மூளையின் செவிப்பகுதி தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. பேச்சாளரின் குரல் எட்டவில்லையென்று மைக் செட்காரர் குமிழைத் திருகிக்கொண்டே போனால், குரலை முந்திக்கொண்டு ஒலிபெருக்கியின் சொந்த இரைச்சல் கிளம்பும் அல்லவா, அப்படித்தான் இதுவும் நிகழ்கிறது. செவிநரம்புப் பாதையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மெல்லிய மின்துடிப்புகளே அப்போது ஒலியாகக் கேட்கின்றன என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

ஆகவே காது மந்தமாவதும் காது இரைவதும் பலருக்கு ஒரே சேதத்தின் இரண்டு விளைவுகள். இரைச்சலை மட்டும் ஒழித்துவிட வேண்டும் என்று ஊர் ஊராக அலைந்து, கேட்கும் திறனைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் ஏமாற்றம் மிகுதி. என் கருத்தில் இதில் முதலில் பார்க்க வேண்டியது செவித்திறனை. அதற்கு அடுத்து, இரைச்சலைப் பற்றிய அச்சத்தை. இரைச்சல் அவ்விரண்டையும் பின்தொடர்ந்து தணியும்.

இது எனக்கு மட்டும் வந்த கேடா?

இல்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான கணக்கீடு, வயது வந்தோரில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினருக்குக் காது இரைச்சல் அனுபவம் உண்டு என்றும், சுமார் 2 விழுக்காட்டினருக்கு அது கடுமையாக இருக்கிறது என்றும் கூறுகிறது. ஏதேனும் ஓர் அளவில் செவித்திறன் குறைந்தவர்கள் உலகில் 150 கோடிக்கு மேல் இருப்பதாகவும், அவர்களில் சுமார் 43 கோடிப் பேருக்கு மறுவாழ்வு உதவி தேவைப்படுவதாகவும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரு ஆய்வாளர்கள் காதில் குறையேதும் இல்லாத 80 பேரைச் சத்தம் புகாத அறையில் சிறிது நேரம் உட்காரவைத்து, என்ன கேட்கிறது என்று கேட்டார்கள். அவர்களில் 94 விழுக்காட்டினர் ஏதோ ஒரு ஓசை கேட்டதாகச் சொன்னார்கள். உட்புற ஓசை என்பது மனித உடலுக்கு அந்நியமானதன்று; நம்மைப் போன்றவர்களுக்கு அது வெளிச்சத்தத்தில் மறையாமல் மேலே தெரிகிறது.

சத்தம் நன்றாகக் கேட்கிறது. பேச்சு மட்டும் ஏன் புரிவதில்லை?

மெல்லக் குறையும் செவித்திறனின் முதல் அடையாளமே இதுதான். காக்ளியாவின் தொடக்கப் பகுதி உயர்ந்த சுருதிகளைப் பிடிக்கிறது. பெரும்பாலோருக்கு முதலில் பழுதுபடுவதும் அப்பகுதியே. பேச்சில் உயிரெழுத்துகள் தாழ்ந்த சுருதியிலும் வலுவாகவும் ஒலிப்பவை. க, ச, த, ப போன்ற வல்லின ஒலிகளோ குறுகியவை, மெலிந்தவை, அவற்றை வேறுபடுத்திக் காட்டும் குறிப்புகள் உயர்ந்த சுருதியில் இருப்பவை. எனவே 'அடை' என்பது தெளிவாகக் கேட்கும்; அதற்கு முன்னால் வந்த மெய் கேட்காது. கடை, சடை, தடை, படை, வடை ஆகிய ஐந்தும் காதுக்கு ஒன்றாகிவிடும். எந்தச் சொல் என்பதை மூளை சூழலை வைத்து ஊகிக்கிறது. ஊகம் சரியாக இருந்தால் உரையாடல் ஓடும். தவறினால் 'நான் ஒன்று கேட்டால் இவர் ஒன்று சொல்கிறார்' என்ற சிரிப்பு எழும்.

பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் குரல் ஆண் குரலைவிட மங்கலாகத் தெரிவதற்கும், தனியாக இருவர் பேசும்போது இருக்கும் தெளிவு கல்யாண மண்டபத்தில் அறவே போய்விடுவதற்கும் காரணம் இதுவே. 'அவருக்கு வேண்டியது மட்டும் கேட்கும்' என்று வீட்டில் சொல்லப்படும் குற்றச்சாட்டு மிகவும் அநியாயமானது. அமைதியான இடத்தில், முகம் பார்த்து, தெரிந்த விஷயத்தைப் பேசினால் கேட்கிறது. அடுப்படியில் மிக்சி ஓடும்போது முதுகுக்குப் பின்னால் பேசினால் கேட்பதில்லை. அதில் விருப்பு வெறுப்புக்கு இடமே இல்லை. நாள் முழுவதும் இப்படி ஊகித்துக் கேட்பது பெரிய உழைப்பு. மாலையில் வரும் களைப்பும் எரிச்சலும் பெரும்பாலும் அந்த உழைப்பின் விளைவே.

எந்த அறிகுறிகளைக் கண்டால் காத்திருக்கக் கூடாது?

ஒரு காது திடீரென்று, சில மணி நேரத்துக்குள்ளோ இரண்டு மூன்று நாட்களுக்குள்ளோ, கேட்காமல் போனால் அது அவசர நிலை. சளி அடைத்திருக்கும், தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு வாரம் பார்க்கக் கூடாது. உட்காதுப் பாதிப்பாக இருந்தால் ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவுக்கு மீளும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டு வாரம் கடந்த பிறகு அந்த வாய்ப்பு வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

இரைச்சல் நாடித்துடிப்போடு சேர்ந்து 'டம் டம்' என்று துடித்தால் இரத்தக் குழாய்களைப் பரிசோதிக்க வேண்டியிருக்கும். ஒரே ஒரு காதில் மட்டும் இரைச்சலும் கேட்புக் குறையும் இருந்தால், செவிநரம்பில் வளரும் புற்றுநோயல்லாத கட்டி இருக்கிறதா என்று எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட கட்டி அரிது என்றாலும் பார்த்துவிடுவது நல்லது. தலைசுற்றல், காதில் அடைப்புணர்வு, கூடிக் குறையும் செவித்திறன் ஆகியவை சேர்ந்து விட்டுவிட்டு வந்தால் மெனியர் நோய் என்ற உட்காதுக் கோளாறாக இருக்கலாம். சீழ், இரத்தம், காதுவலி, முகம் ஒரு பக்கம் இழுத்தல், தலையில் அடிபட்ட பின் தொடங்கிய இரைச்சல் ஆகிய எதையும் தள்ளிப்போடக் கூடாது.

பரிசோதனையில் என்ன செய்வார்கள்?

முதலில் காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பார்கள். குறும்பி அடைத்திருப்பதே முழுக் காரணமாக இருந்து, அதை எடுத்ததும் பத்து நிமிடத்தில் குணமாகிப் போனவர்களும் உண்டு. செவிப்பறையில் ஓட்டை, நடுக்காதில் நீர், அங்கவடி எலும்பு இறுகிப்போகும் ஓட்டோஸ்கிளிரோசிஸ் முதலியவற்றுக்கு அறுவை சிகிச்சையோ மருந்தோ உண்டு. ஆகவே 'நரம்புத் தளர்ச்சி, ஒன்றும் செய்ய முடியாது' என்ற முடிவைப் பரிசோதனைக்கு முன்பே யாரிடமிருந்தும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது ஆடியோகிராம். சத்தம் புகாத சிறிய அறையில் ஹெட்போன் மாட்டி உட்காரவைத்து, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவார்கள். கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். காது இரைச்சல் உள்ளவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சங்கடம் உண்டு. கதவைச் சாத்தியதும் வெளியுலகம் அடங்கி, நம் இரைச்சல் அறை முழுவதும் நிறைந்துவிடும். வந்தது கருவியின் ஒலியா, நம்முடையதா என்று தெரியாமல் விரல் பொத்தான்மேல் தயங்கும். இதற்கு வழி இருக்கிறது. 'எனக்குக் காதில் இரைச்சல் உண்டு. விட்டுவிட்டு வரும் ஒலியாகவோ அலையும் ஒலியாகவோ வையுங்கள்' என்று ஆடியாலஜிஸ்டிடம், அதாவது செவித்திறனைப் பரிசோதிக்கும் நிபுணரிடம், தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கருவியில் அந்த வசதி உண்டு. சந்தேகமாக இருந்தால் அழுத்தாமல் இருப்பதற்கும், தோன்றும்போதெல்லாம் அழுத்துவதற்கும் இடையே முடிவுத் தாளில் பெரிய வேறுபாடு விழும். அந்தத் தாளை வைத்துத்தான் காது மெஷினை அமைக்கப்போகிறார்கள்.

தனி ஒலிகளோடு நிறுத்தாமல், சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைக்கும் பேச்சுப் பரிசோதனையையும் தமிழில் செய்யச் சொல்லிக் கேளுங்கள். இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு, இரத்தசோகை ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது வழக்கம்.

ஆடியோகிராம் தாளை எப்படிப் படிப்பது?

இடமிருந்து வலமாகச் சுருதி ஏறும். பொதுவாக 250 ஹெர்ட்ஸில் தொடங்கி 8,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். மேலிருந்து கீழாக டெசிபல், அதாவது ஒலியின் வலிமை, கூடும். கோடு கீழே இறங்க இறங்கக் குறை அதிகம். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய வகைப்பாட்டில் 20 டெசிபலுக்குக் குறைந்தால் இயல்பு. 20 முதல் 35 வரை லேசான குறை. 35 முதல் 50 வரை மிதமானது. 50 முதல் 65 வரை மிதத்தைக் கடந்தது. அதற்கு மேல் கடுமையானது. கோடு வலப்பக்கம் போகப்போகச் சரிந்தால் முதுமையின் வடிவம். 4,000 ஹெர்ட்ஸ் அருகே மட்டும் பள்ளம் விழுந்து 8,000இல் சற்றே மேலேறினால், அது இரைச்சலால் வந்த சேதத்தின் வடிவம். ஆலைத் தொழிலாளர்களின் தாள்களில் அந்தப் பள்ளத்தை அடிக்கடி பார்க்கலாம். ஒவ்வொரு தாளையும் தேதியோடு பாதுகாத்து வையுங்கள்.

இரைச்சலை நிறுத்த மாத்திரை இல்லையா? காதில் எண்ணெய் விடலாமா?

காது இரைச்சலை நிறுத்தும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை இன்றுவரை இல்லை. ஜிங்கோ, துத்தநாகம் முதலிய துணைமருந்துகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. 'மூன்றே மாதத்தில் முழுக் குணம்' என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தையும், அதைவிட அருமையான மாதங்களையும் இழக்காதீர்கள் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். இரைச்சலோடு சேர்ந்து வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்து உண்டு. அதை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தயங்காமல் சாப்பிடலாம்.

நல்லெண்ணெய் காய்ச்சி விடுவது, பூண்டுச் சாறு விடுவது ஆகியவை உட்காதை எட்டுவதே இல்லை. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அவை நடுக்காதுக்குள் போய்ச் சீழ்பிடிக்கவைக்கும். ஊக்கு, ஹேர்பின், தீக்குச்சி, பட்ஸ் எதையும் காதுக்குள் விட வேண்டாம்; குறும்பி தானாக வெளியேறும் தன்மையுடையது.

வேறு நோய்களுக்காகச் சாப்பிடும் மருந்துகளிலும் கவனம் தேவை. ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின், அதிக அளவு ஆஸ்பிரின், குயினைன், சிறுநீர் பிரிய ஊசியாகக் கொடுக்கும் பியூரோசமைடு ஆகியவை காதைப் பாதிக்கக்கூடும். அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலிலேயே காதுக் குறையைச் சொல்லிவிடுங்கள். மாற்று மருந்து இருந்தால் அவர் அதைத் தேர்ந்தெடுப்பார்.

'பழகிக்கொள்ளுங்கள்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பழகுவது?

அந்த ஒற்றைச் சொல்லோடு ஒருவரை வாசல்வரை அனுப்பிவிடுவது எனக்கு வேதனை தரும் விஷயம். பழகுதல் என்பது உண்மையில் நடக்கிற ஒன்று. ஆனால் அதற்கு முறை இருக்கிறது, காலமும் பிடிக்கிறது.

மூளை எந்த ஒலியை ஆபத்து என்று குறித்துவைக்கிறதோ அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும்; பொருளற்றது என்று முடிவு செய்த ஒலியைக் கவனத்திலிருந்து விலக்கிவிடும். ஸ்பின்னிங் பகுதியில் வேலை செய்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். நூற்றுக்கணக்கான கதிர்கள் சுழலும் பேரிரைச்சல் காதில் ஏறாது. ஒரு மெஷின் நின்றால் மட்டும் தலை திரும்பும். காதுக்குள் இருக்கும் இரைச்சலை மூளை அப்படி விலக்க முடியாமல் போவதற்குக் காரணம், நாம் அதை அஞ்சுவதும், கண்காணிப்பதும், அதோடு சண்டையிடுவதும். போலந்தில் பிறந்த ஆய்வாளர் யாஸ்ட்ரெபோஃப் 1990இல் முன்வைத்த விளக்கத்தின் சாரம் இதுவே.

இதை மாற்றுவதற்குச் சிறந்த ஆதாரமுள்ள முறை, எண்ணங்களையும் நடத்தையையும் சீரமைக்கும் உளவியல் சிகிச்சை. மனநலப் பிரிவுகளில் சிபிடி என்று குறிப்பிடுவார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, இந்தச் சிகிச்சை இரைச்சலால் வாழ்க்கைக்கு ஏற்படும் பாதிப்பைக் குறைக்கிறது என்று கண்டது. இரைச்சலின் அளவு பெரிதாக மாறாது; அது நம்மை ஆட்டிவைப்பது மாறும். 'இது நாளுக்கு நாள் ஏறி மூளையைக் கலக்கிவிடும்' போன்ற எண்ணங்களை எழுதி, அதற்கு ஆதாரம் உண்டா என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். விழித்ததும் 'இன்று எவ்வளவு இருக்கிறது' என்று காதுக்குள் தேடும் பழக்கத்தை நிறுத்தப் பயிற்சி தருவார்கள். பயந்து ஒதுக்கிவைத்த காரியங்களை மீண்டும் செய்யவைப்பார்கள். மாதக்கணக்கில் முன்னேற்றம் தெரியும். நடுவில் சளி, தூக்கமின்மை, மனஉளைச்சல் வந்தால் சில நாட்கள் இரைச்சல் தூக்கலாகத் தெரியும். அதைப் பின்னடைவாக எண்ண வேண்டாம்.

இரவில் தூங்கவே முடியவில்லை. என்ன செய்யலாம்?

முழு அமைதியைத் தவிருங்கள். மின்வெட்டில் மின்விசிறி நின்ற அடுத்த நொடியில் இரைச்சல் எழுந்து வருவதைக் கவனித்திருப்பீர்கள். பின்னணியில் ஓர் ஒலி இருந்தால் அது அவ்வளவு தனித்துத் தெரியாது. மின்விசிறியின் ஓசை பலருக்குப் போதும். போதாதவர்கள் கைப்பேசியில் மழை, அருவி போன்ற ஓசைகளை மெல்லிய அளவில் வைத்துக்கொள்ளலாம். இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்குச் சத்தத்தைக் கூட்ட வேண்டாம். இரைச்சலும் கொஞ்சம் கேட்க வேண்டும், வெளி ஓசையும் கேட்க வேண்டும். அப்போதுதான் மூளைக்குப் பழக வாய்ப்பு கிடைக்கிறது. இயர்போனை மாட்டிக்கொண்டு தூங்காமல், படுக்கையருகே சிறிய ஸ்பீக்கர் வைத்துக்கொள்வது நல்லது.

படுத்து வெகுநேரம் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறோர் இடத்தில் உட்கார்ந்து ஏதாவது படித்துவிட்டு, கண் சொக்கும்போது மீண்டும் படுங்கள். தூக்க மாத்திரையை மருத்துவர் சொன்ன சில நாட்களுக்கு மேல் நீட்டாதீர்கள்.

காது மெஷின் போட்டால் இரைச்சல் குறையுமா? போட்டால் காது இன்னும் கெட்டுவிடாதா?

செவித்திறன் குறைந்து, அதோடு இரைச்சலும் உள்ள பலருக்கு, கருவி போட்டிருக்கும் நேரத்தில் இரைச்சல் பின்னுக்குப் போகிறது. மூளைக்கு இதுவரை வராமலிருந்த ஒலிகள் வரத் தொடங்குவதும், பேச்சைப் பிடிக்கும் பாடு குறைவதும் அதற்குக் காரணங்கள். சரியாக அளந்து அமைத்த கருவி காதைக் கெடுக்காது. கடையில் விற்கும், எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்கும் மலிவு ஒலிபெருக்கிகள் வேறு. உங்கள் ஆடியோகிராமுக்கு ஏற்ப ஒவ்வொரு சுருதியையும் தனித்தனியாகக் கூட்டும் செவிப்புலன் கருவி வேறு. இரண்டு காதிலும் குறை இருந்தால் இரண்டுக்கும் போடுவதே நல்லது; பேச்சு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை அறியவும், கூட்டத்தில் ஒரு குரலைப் பிரித்துக் கேட்கவும் மூளைக்கு இரு காதுகளும் தேவை.

'இன்னும் கொஞ்சம் போகட்டும்' என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம். கண்ணாடிக்கு இல்லாத கூச்சம் காது மெஷினுக்கு இருக்கிறது. மெஷினை மறைக்கலாம், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'என்ன, என்ன' என்று கேட்பதை மறைக்க முடியாது.

வாங்கிப் போட்டேன், தட்டு வைக்கும் சத்தம்கூடக் காதைப் பிளக்கிறது. கழற்றி வைத்துவிடலாமா?

வேண்டாம். நெடுநாள் கேட்காத ஒலிகள் ஒரேயடியாகத் திரும்பி வரும்போது பாத்திரம் உரசுவதும், செய்தித்தாளைப் புரட்டுவதும், சொந்தக் குரலும்கூட அந்நியமாக ஒலிக்கும். முதல் வாரம் வீட்டுக்குள் அமைதியான நேரத்தில் சில மணி நேரம், பிறகு ஒருவரோடு உரையாடும்போது, அதற்குப் பின் தொலைக்காட்சி, கடைசியாகச் சந்தையும் கல்யாணமும் என்று படிப்படியாகப் போங்கள். பழக ஒன்றிரண்டு மாதம் ஆகும். அதற்குள் இரண்டு மூன்று முறை ஆடியாலஜிஸ்டிடம் போய்க் கருவியைத் திருத்தியமைக்க வேண்டியிருக்கும். 'சரியில்லை' என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த இடத்தில் எந்த ஒலி உறுத்தியது என்று குறித்துக்கொண்டு போய்ச் சொன்னால் திருத்துவது எளிது. வாங்குவதற்கு முன்பே சோதனைக் காலம் உண்டா, திருத்தியமைக்கக் கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவு அதிகமாயிற்றே, அரசு உதவி ஏதும் உண்டா?

விலை சில ஆயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். விலையைவிட அமைத்துத் தருபவரின் திறமை முக்கியம் என்பதை உறுதியாகச் சொல்வேன்.

தமிழ்நாட்டில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகத் தகுதியுள்ளவர்களுக்குக் காதுக்குப் பின்னால் அணியும் கருவி இலவசமாகத் தரப்படுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்திலும், வருமானம் குறைந்த மூத்த குடிமக்களுக்காக 2017இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்திலும் கருவி பெறலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சுக்குரிய சுருதிகளில் இரு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை குறைந்தவரைச் செவித்திறன் குறைந்தவர் என்றும், 70 டெசிபல் குறைந்தவரைக் காது கேளாதவர் என்றும் வரையறுக்கிறது. அந்த அளவை எட்டாதவர்களுக்குச் சான்றிதழ் கிடைப்பது கடினம். அன்றாட வாழ்வில் 45 டெசிபல் குறையே ஒருவரை எவ்வளவு ஒதுக்கிவிடும் என்பதை அந்த வரையறை கணக்கில் எடுக்கவில்லை என்பது என் மனக்குறை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பரிசோதனை செய்துகொள்ளலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறன் தேசிய நிறுவனமும், மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனமும் இருக்கின்றன.

கருவியை எப்படிப் பராமரிப்பது?

வியர்வையும் ஈரக்காற்றும் அதன் எதிரிகள். கடலோர ஊர்களில் இது இரட்டிப்பு உண்மை. இரவில் கழற்றி, பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். துத்தநாகக் காற்று பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் உடனே போடாமல் ஒரு நிமிடம் காற்றில் விட்டுவிட்டுப் போட வேண்டும். ஸ்டிக்கர் நிறமே அளவைச் சொல்லும்: மஞ்சள் 10, பழுப்பு 312, ஆரஞ்சு 13, நீலம் 675. சத்தம் குறைந்தால் கருவி பழுதென்று முடிவு கட்டுவதற்கு முன், நுனியில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆலையிலோ தறிக்கூடத்திலோ வேலை செய்கிறேன். இருப்பதையாவது காப்பாற்ற முடியுமா?

முடியும், இன்றே தொடங்க வேண்டும். 85 டெசிபல் இரைச்சலில் 8 மணி நேரம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட பாதுகாப்பு எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும்: 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் 1 மணி. நம் தொழிற்சாலை விதிகளோ 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை விட்டுவிடுகின்றன. சோமனூர், பல்லடம், குமாரபாளையம் வட்டாரங்களின் விசைத்தறிக் கூடங்களில், அடுத்து நிற்பவரிடம் பேசக் கத்த வேண்டியிருக்கிறது; கைநீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தாலே அந்த இடம் காதுக்குக் கேடு என்று கொள்ளலாம்.

பஞ்சை உருட்டிக் காதில் வைப்பதால் பெரிய பயனில்லை. நுரைப்பஞ்சு அடைப்பான் மலிவானது: விரலால் மெல்லியதாக உருட்டி, மறுகையால் காதுமடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, விரியும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது வேலை செய்யவில்லை. வேலை முடிந்து வெளியே வந்ததும் காது அடைத்து, சில மணி நேரம் இரைந்தால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு சட்டப்படி தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது ஒரு ஆடியோகிராம் எடுத்துக் கையில் வைத்திருப்பது பின்னாளில் இழப்பீடு கேட்க உதவும். தவில், பறை வாசிக்கும் கலைஞர்களுக்கும், திருவிழாவில் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் நிற்பவர்களுக்கும், வெடி கொளுத்துகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

அமைதியான இடத்திலும் பயந்து அடைப்பான் போட்டுக்கொள்ளும் பழக்கம் மட்டும் வேண்டாம். அது காதின் கூச்சத்தைக் கூட்டும். இரைச்சலையும் முன்னால் கொண்டுவரும்.

வீட்டில் இருப்பவர்கள் எப்படிப் பேச வேண்டும்?

கத்த வேண்டாம். பழுதுபட்ட உட்காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது. ஓரளவுக்கு மேல் போனால் திடீரென்று தாங்க முடியாத சத்தமாகிவிடும். இரண்டுக்கும் இடையிலான வெளி குறுகியது. அதனால்தான் அப்பா முதலில் 'கேட்கவில்லை' என்பார். குரலை உயர்த்தியதும் 'ஏன் கத்துகிறாய்' என்று கோபிப்பார். இரண்டும் உண்மை.

பெயர் சொல்லியோ தோளைத் தொட்டோ கவனத்தை ஈர்த்த பிறகு பேசத் தொடங்குங்கள். முகத்தில் வெளிச்சம் விழும்படி எதிரே உட்காருங்கள். மிக்சியையும் தொலைக்காட்சியையும் நிறுத்துங்கள். எதைப் பற்றிய பேச்சு என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்: 'ரேஷன் கார்டு விஷயம்' என்று தொடங்கினால் பாதி ஊகம் எளிதாகிவிடும். ஒரு முறை சொல்லிப் புரியாவிட்டால் அதே சொற்களைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள். 'ஒன்றுமில்லை, விடுங்கள்' என்ற பதிலை மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். எல்லோரும் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் தானும் சிரித்து வைக்கும் மனிதரை அந்தச் சொல் இன்னும் ஒருபடி வெளியே தள்ளிவிடுகிறது.

காது குறைந்தவருக்கும் கடமை உண்டு. 'எனக்குக் காது மந்தம், கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்கள்' என்று வங்கியிலும் மருத்துவமனையிலும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆண்ட்ராய்டு போனில் உள்ள லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி எதிரில் பேசுவதைத் தமிழ் எழுத்தில் காட்டும்.

காதுக்குள் பாட்டும் நாதஸ்வரமும் கேட்கிறது. மனநோயா?

செவித்திறன் நன்கு குறைந்த முதியவர்களுக்கு இப்படி நேர்வதுண்டு. வெளியிலிருந்து ஒலி வராத குறையை மூளை தன் நினைவிலிருக்கும் இசையைக் கொண்டு நிரப்புகிறது. பெரும்பாலும் பழைய, பழக்கமான பாட்டுகளே வரும். பயத்தில் வெளியே சொல்லாமல் வைத்திருப்பவர்கள் பலர். கருவி போட்டுக்கொண்டு நாலு பேரோடு பேசிப் பழகினால் இது தணிவது வழக்கம். இசையாக இல்லாமல், யாரோ திட்டுவதாகவோ கட்டளையிடுவதாகவோ குரல்கள் கேட்டால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

காது குறைந்தால் மறதி நோய் வரும் என்கிறார்களே?

செவித்திறன் குறைவும் முதுமை மறதியும் தொடர்புடையவை என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் தன் 2020, 2024 அறிக்கைகளில் கூறியிருக்கிறது. காது குறைந்த எல்லோருக்கும் மறதி வரும் என்பது அதன் பொருளன்று. 2023இல் வெளியான அச்சீவ் ஆய்வில், கருவியும் பயிற்சியும் தரப்பட்ட எல்லோரையும் சேர்த்து, அவை தரப்படாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது வேறுபாடு தெரியவில்லை. மறதிக்கான அபாயம் அதிகமிருந்த பிரிவினரில் மட்டும் மூன்று ஆண்டுகளில் சிந்தனைத் திறன் சரியும் வேகம் 48 விழுக்காடு குறைந்திருந்தது.

காபியை விட்டுவிட வேண்டுமா?

எல்லோரும் விட வேண்டும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. உங்களுக்குக் கூடுவதாகத் தோன்றினால் குறைத்துப் பாருங்கள். மெனியர் நோய் உள்ளவர்களுக்கு உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். புகை பிடிப்பதை எல்லோரும் விடலாம்.

இந்த இரைச்சலோடு வாழவே பிடிக்கவில்லை.

இப்படி நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தொடங்கிய முதல் சில மாதங்களில்தான் இந்த எண்ணம் மிகுதி. அந்த நிலை அப்படியே நீடிப்பதில்லை. தனியாக வைத்துக்கொள்ளாமல் இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416; எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் இருக்கிறது. கேட்காத காதோடு தொலைபேசியில் பேசுவது சிரமமென்றால் வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசுங்கள், அல்லது நேரே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள்.

முழுவதுமாகக் கேட்காமல் போய்விடுமா?

முதுமையாலும் இரைச்சலாலும் வரும் குறை பெரும்பாலும் மெதுவாக நகர்வது. முழுக் கேளாமையில் போய் முடிவது அரிது. இரைச்சல் மிகுந்த வேலையிலிருந்து விலகினால் அதனால் வரும் சேதம் மேற்கொண்டு வளராது; வயதினால் வருவது மட்டும் தன் வழியில் தொடரும். ஆண்டுக்கு ஒருமுறை ஆடியோகிராம் எடுத்துப் பழைய தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எவ்வளவு சக்தியுள்ள கருவி போட்டும் பேச்சு புரியாத நிலை வந்தால், செவிநரம்பை நேரே தூண்டும் கருவியை உட்காதில் பதிக்கும் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை இருக்கிறது. அது குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று. பேசக் கற்றபின் காது போன பெரியவர்களுக்கும் நல்ல பலன் தருகிறது, அவர்களில் பலருக்கு இரைச்சலும் தணிகிறது. கேட்காமல் போய் ஆண்டுகள் பல கழிந்துவிட்டால் பலன் குறையக்கூடும் என்பதால், கருவி பயன்படாமல் போகத் தொடங்கும்போதே அந்த வழியைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.